மூன்றாவது மணிக்கு எழுந்து நின்றவன்

பழப் பையோடு உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார் நாடக அரங்கின் வாசலில் நின்ற காவலர்.

என் மனைவி சரோஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கையில் மஞ்சள் துணிப்பை. அதற்குள் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை, பாக்கு, குங்குமப் பொட்டலம், வாழை இலையில் சுற்றிய மல்லிகைப் பூ. காலையிலிருந்து எங்கள் போபோடிக் கடைகள் முழுக்க அலைந்து வாங்கியவை. சம்பந்தியாகக்கூடியவர்களை முதல்முறை பார்க்கும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவள் சட்டம். பார்க்கிற இடம் வீடா, கோயிலா, நாடக அரங்கமா என்பதெல்லாம் அந்தச் சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

இது தின்கிற பழம் இல்லை, சாஸ்திரத்துப் பழம் என்று இந்தியும் மராத்தியும் கலந்து அவருக்கு விளக்கினாள். காவலருக்கு அரங்கின் விதிகள் மனப்பாடம். அதில் சாஸ்திரத்துப் பழம் என்று ஒரு பிரிவு இல்லை. உள்ளே ஒரு பழத்தைக்கூட உரிக்க மாட்டேன் என்று மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யப் போனாள். மகள் நித்யா தலையை நகர்த்திக்கொண்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. காவலர் பெருமூச்சு விட்டு எங்களை உள்ளே அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணி ஆட்டம். எங்கள் வீட்டில் குக்கரில் மட்டன் வேகிற நேரம். அந்த நேரத்தில் இஸ்திரி போட்ட சட்டையும், நித்யா வாங்கிக் கொடுத்த புதுச் செருப்புமாக நான் நாடகம் பார்க்க வந்து நின்றேன். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுவரை ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே காலத்தை ஓட்டியிருப்பேன். பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த வசதி இல்லை.

கேசரி இல்லாத சம்பந்தம்

நித்யாவுக்கு மகர்பட்டாவில் வேலை. அதே அலுவலகத்தில் அமேய் என்று ஒரு பையன். மராத்திக்காரன். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள் என்பதை அவள் ஒரு நாள் தோசைக்கு நடுவே சொன்னாள். சரோஜா கல்லில் இருந்த தோசையைத் திருப்ப மறந்துவிட்டாள். அது கருகிப்போனதுதான் எங்கள் வீட்டில் நடந்த ஒரே கலவரம்.

மைத்துனர் ஆறுமுகத்துக்குத் தகவல் போனது. போபோடியில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். அவர் ஸ்கூட்டர் வாங்கிய கதையைப் போன வாரம் இந்தப் பக்கங்களில் எழுதியதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதனால் இந்த வாரமும் தைரியமாக எழுதுகிறேன். பையன் வீடு பழைய நகரத்துப் பேட்டையில் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"மத்தியானம் ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் கதவ மூடிட்டுத் தூங்கற ஆளுங்க மாமா. வீட்டுக்குப் போனா தண்ணி குடுப்பாங்க. தண்ணி மட்டும்தான் குடுப்பாங்க."

எனக்கு மராத்திக்காரர்கள் என்பதில் ஒரு தயக்கமும் இல்லை. குடியாத்தத்திலிருந்து இருபது வயதில் வந்து ஆகுர்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஆயுள் முழுக்க அவர்களோடுதான் டப்பாவைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். என் பயம் வேறு. பையனின் அப்பா தேஷ்பாண்டே, ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். வீட்டில் சுவர் தெரியாத அளவு புத்தகம். அப்பாவும் மகனும் பேச உட்கார்ந்தால் நாடகத்தைத் தவிர வேறு பேச்சில்லை என்று நித்யாவே சொல்லியிருந்தாள். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "காகூ அவ்ளோ பேசமாட்டாங்கப்பா" என்றாள். மராத்தியில் காகூ என்றால் சித்தி.

அந்த வீட்டில் என் பெண் யாரோடு பேசுவாள்? டீக் கோப்பைத் தட்டோடு சமையலறை வாசலில் நின்று, புரியாத பேச்சுக்குச் சிரித்துவிட்டு உள்ளே போகிறவளாக ஆகிவிடுவாளோ? பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தவன் மகள் என்று சொல்ல ஒரு நாள் கூசுவாளோ? இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நித்யா ஒன்று சொல்லியிருந்தாள். "நீங்க வேணாம்னா வேணாம்ப்பா. திருட்டுத்தனமா ரெஜிஸ்டர் எல்லாம் பண்ணமாட்டேன். ஆனா ஏக் பார், ஒரே ஒரு தடவ அவங்களப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்க்கத் தயாரானோம். எங்கள் வழக்கப்படி வீட்டுக்கு வாருங்கள், கேசரி, பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று போனில் அழைத்தேன். கேசரியை ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதிலேயே ஆளைப் பாதி எடை போட்டுவிடலாம். தேஷ்பாண்டேவோ, ஒரு மனிதரை அறிய வேண்டுமானால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்க வேண்டும் என்றார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

போனை வைத்தபோது எனக்குள் பதில் தயாராக இருந்தது. நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பெண்ணிடம் பக்குவமாக, வேண்டாம் என்று சொல்லிவிடுவது.

பந்திக்காரனின் சரித்திரம்

நாடகமே பார்க்காமல் ஒருவன் இத்தனை வருஷம் எப்படி இருந்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். சுலபம். சாம்பார் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும்.

எங்கள் பகுதித் தமிழர்கள் பொங்கலுக்கு ஒரு விழா நடத்துவோம். அதில் கட்டாயம் ஒரு நாடகம் உண்டு. வருஷாவருஷம் பந்திப் பொறுப்பு என்னுடையது. மேடையில் பாண்டிய மன்னன் வசனம் பேச ஆரம்பித்தால் நான் சமையல் பக்கம் போய்விடுவேன். நாடகம் மோசமாக இருக்கும் வருஷம் ஜனங்கள் சீக்கிரமே பந்திக்கு வருவார்கள், சாம்பார் அதிகம் செலவாகும். நன்றாக இருந்தால் சாம்பார் மிஞ்ச வேண்டும். அப்படி எந்த வருஷமும் மிஞ்சியதில்லை.

சின்ன வயதில் ஊரில் கூத்து நடக்கும். நான் எட்டு மணிக்கே தூங்கிப்போகிற பையன். பாரதப் போர் முழுவதையும் தூக்கத்திலேயே கடந்தேன்.

ஆகவே நித்யாவிடம் பயிற்சி எடுக்க வேண்டியதாயிற்று. போனை அணைக்க வேண்டும். இருமக் கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கூடாது. தின்னக் கூடாது. நடுவில் எழுந்து போகக் கூடாது. அன்றைக்கு நடிக்கப்போகிற பெரியவர் மகா கோபக்காரர், யாராவது போன் அடித்தால் வசனத்தை நிறுத்திவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஒரு முறை ஒருவர் இருமல் மாத்திரையின் காகிதத்தைப் பிரித்த சத்தத்துக்கே நிறுத்தினாராம். பழனிக்கு மாலை போட்டவனுக்குக்கூட இத்தனை கட்டுப்பாடு கிடையாது.

அமேய் தன் பங்குக்கு ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தான். நாடகம் முடிந்ததும் "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எங்கள் அப்பாவுக்கு அது பிடிக்காது. "இரண்டாம் அங்கம் கொஞ்சம் தொய்வு" என்று சொல்லுங்கள். எந்த நாடகத்துக்கும் பொருந்தும்.

நல்ல பையன்தான் என்று அப்போதே தோன்றியது.

மணி அடிக்கிற வழக்கம்

இனி நடந்தது விளங்க வேண்டுமானால், என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பிரஸ் ஷாப்பில் மணிதான் எஜமான். ஒரு முறை அடித்தால் டீ. இரண்டு முறை அடித்தால் ஷிப்ட் முடிந்தது. மூன்று முறை அடித்தால் ஆபத்து. அல்லது ஆபத்துக்கான ஒத்திகை. எதுவென்று யோசிக்கவே கூடாது. போட்டது போட்டபடி எழுந்து வெளியே போக வேண்டும். டப்பா, போன், பை எதையும் எடுக்கக் கூடாது. கையை வீசிக்கொண்டு வா என்பதுதான் பாடம். ஒரு ஒத்திகையில் சாவந்த் என்பவன் மீன் குழம்பு டப்பாவுக்காகத் திரும்ப உள்ளே ஓடிவிட்டான். நிஜத் தீயாக இருந்தால் நீயும் வறுவலாகியிருப்பாய் என்று அதிகாரி மைதானத்தில் எல்லோர் முன்னாலும் அவனைக் காய்ச்சினார்.

எங்கள் பகுதிக்கு நான்தான் வார்டன். கையில் பச்சைப் பட்டை. மணி அடித்ததும் முதலில் எழ வேண்டியவன், இடது கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியவன், எல்லோரையும் பார்வையால் எழுப்ப வேண்டியவன். வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு "சகளே ஆலே" என்று மராத்தியில் கத்துவேன். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த வார்த்தை வரும்வரை யாரும் மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

நித்யா சின்னப் பெண்ணாக இருந்தபோது இது எங்கள் வீட்டு விளையாட்டு. தட்டில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவாள். நானும் சரோஜாவும் கையை வீசிக்கொண்டு பால்கனிக்குப் போக வேண்டும். நான் எண்ணிவிட்டு "சகளே ஆலே" சொன்னால்தான் உள்ளே போய்ச் சாப்பிடலாம். அடுப்பில் பால் பொங்கினாலும் சரோஜாவுக்கு விதிவிலக்கு கிடையாது.

ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிவிட்டது. பச்சைப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள அங்கே கவுண்டர் எதுவும் இல்லை.

அரங்கம் எழுந்தது

உள்ளே தேஷ்பாண்டே எங்களுக்காகக் காத்திருந்தார். மெலிந்த உடம்பு, கதர் குர்த்தா, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. என்னைத் "தன்பால்ராவ்" என்று அழைத்தார். தனபாலுக்கு ராவ் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் அவர் மனைவி சுநந்தா, வெளிர்நீலக் காட்டன் புடவையில், நித்யா சொன்னபடியே பேசாமல் நின்றார். சரோஜா பழப் பையை நீட்டப் போனாள். முதலில் நாடகம் என்றார் தேஷ்பாண்டே. பை மறுபடியும் அவள் மடிக்கே வந்தது.

வரிசையில் அமேய், நித்யா, சரோஜா, நான், எனக்கு அந்தப் பக்கம் தேஷ்பாண்டே, அவருக்கு அப்பால் சுநந்தா அம்மாள்.

மணி ஒரு முறை அடித்தது. டீ நினைவு வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு முறை அடித்தது. கால் தானாகச் செருப்பைத் தேடியது. நாடகத்துக்கு மூன்று முறை மணி அடிப்பார்கள் என்பதை எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சூரியன் உதிக்கிற மாதிரி, சொல்லத் தேவையில்லாத சங்கதி.

மணி மூன்று முறை அடித்தது.

எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை. கால் எழுந்தது, உடம்பும் கூடவே போனது. இடது கை தலைக்கு மேல் உயர்ந்தது. வரிசைப் பக்கம் திரும்பி, யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்று பார்த்தேன். தேஷ்பாண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்பால் சுநந்தா அம்மாள் என்னோடு ஒரே நேரத்தில் எழுந்து நின்றிருந்தார். கைப்பை அவர் காலடியில் கிடந்தது. விருந்தாளி நிற்கிறானே என்று நிற்கிறார், மரியாதை தெரிந்த அம்மாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேஷ்பாண்டே என் கையையும் முகத்தையும் பார்த்தார். தேசிய கீதம் வரப்போகிறது என்று நினைத்தாராம், பிறகு சொன்னார். சினிமாவுக்கு இருக்கும் வழக்கம் நாடகத்துக்கும் வந்துவிட்டது போல என்று எண்ணி விறைப்பாக எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் எங்களுக்குப் பின்வரிசையில் இருந்தவர்களுக்கு மேடை மறைந்தது. அவர்கள் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் திரும்பிப் பார்த்து, தாங்கள்தான் தாமதம் என்று அவசரமாக எழுந்தார்கள். பெண்கள் எல்லோரும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றார்கள். சரோஜா பழப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து ஓர் ஆரஞ்சு தப்பித்து, சரிவான தரையில் உருண்டு முன்வரிசைப் பக்கம் போனது.

இது பிரஸ் ஷாப் இல்லை என்பது எனக்கு உறைத்தது. உட்காரலாமா என்று சுற்றிலும் பார்த்தேன். அரங்கமே நிற்கிறது. நான் எழுப்பிவிட்ட கூட்டத்தைப் பார்த்து, தேசிய கீதம்தான் போலிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன். கையை மட்டும் இறக்கிக்கொண்டேன்.

திரை விலகியது.

மேடையில் சாய்வு நாற்காலி. முகத்தை மறைத்த செய்தித்தாளோடு பெரியவர் அதில் சாய்ந்திருந்தார். வாசல் மணி அடித்ததும் தாளைத் தாழ்த்தி "யார் அது?" என்று கேட்க வேண்டும். அதுதான் முதல் வசனம். தாளைத் தாழ்த்தினார். எதிரே மொத்த அரங்கமும் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருஷம் மேடை ஏறாமல் இருந்தார் என்பதும், அன்றுதான் திரும்பி வருகிறார் என்பதும் எனக்குத் தெரியாது. அரங்கில் எனக்கும் சரோஜாவுக்கும் மட்டும்தான் தெரியாது. எங்கோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். பிறகு கூரை அதிர்ந்தது. பெரியவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து கும்பிட்டார். உள்ளே இருந்த நடிகர் வாசல் மணியை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். திறக்க ஆளில்லை.

இடைவேளை வடை

இடைவேளையில் தேஷ்பாண்டே உருளைக்கிழங்கு வடைக்கு வரிசையில் நின்றார். வடை வாங்காத இடைவேளை இடைவேளையே இல்லையாம். சூடான வடையை என் கையில் வைத்துவிட்டு, அந்தக் கையையே பிடித்துக்கொண்டார்.

"தன்பால்ராவ், நாங்கள் லேசில் கைதட்ட மாட்டோம். தட்டினால் நடிகன் கெட்டுப்போவான் என்பது எங்கள் கொள்கை. ஆனால் எங்களுக்குத் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியது. உங்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. மன்னித்துவிடுங்கள்."

சந்தேகம் அவருக்கும் இருந்திருக்கிறது. தகடு அடிக்கிறவன் எனக்குச் சம்பந்தியா என்று அவரும் தூக்கம் கெட்டிருக்கலாம். கேட்கக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

முன்பின் தெரியாதவர்கள் வந்து கைகுலுக்கினார்கள். கலைஞரை நின்று வரவேற்பது தென்னாட்டு மரபா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், பழைய மரபு என்று எனக்காகத் தேஷ்பாண்டேவே பதில் சொன்னார். இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் சங்க காலத்திலிருந்து ஆதாரம் காட்டியிருப்பார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சரோஜா தமிழில் வேகமாக என் காதைக் கடித்தாள்.

"இன்னாங்க, வாய மூடிக்கினு வடையத் தின்னுங்க. கல்யாணம் முடியட்டும், அப்பறமா சொல்லிக்கலாம்."

நித்யா தூரத்தில் நின்று என்னையே பார்த்தாள். நான் ஏன் எழுந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். சிரிக்கவும் இல்லை, கண்ணால் எந்த ஜாடையும் காட்டவில்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டு வடைத் தட்டோடு திரும்பிக்கொண்டாள்.

இரண்டாம் பகுதி தொடங்கியது. மணி அடிக்கும்போது நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கதை ஒன்றும் பெரிதில்லை. பழைய கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறார்கள். எல்லோரும் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் போக மாட்டேன் என்கிறார். மேடையிலிருந்து அலமாரி போகிறது, கட்டில் போகிறது, கடைசியில் அந்தச் சாய்வு நாற்காலியும் போகிறது. அவர் வெறுந்தரையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரிக்கிறார். மூன்று மணி அடித்தால் கையை வீசிக்கொண்டு வெளியே வா என்று ஆயுள் முழுக்கப் பழகிய எனக்கு, எத்தனை மணி அடித்தாலும் எழாமல் உட்கார்ந்திருக்கிற அந்த ஆளிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எழுந்து வாய்யா என்று கத்தலாம் போலவும் இருந்தது, எழுந்துவிடாதே என்று கும்பிடலாம் போலவும் இருந்தது. குக்கரும் மட்டனும் நினைவுக்கே வரவில்லை. இரண்டாம் அங்கத்தில் தொய்வு எங்கே என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மேடைக்குப் பின்னால்

நாடகம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றால் விடவில்லை. மேடைக்குப் பின்னால் போய் நடிகரைப் பார்ப்பது மரபு. ஆறு பேரும் போனோம்.

பெரியவர் பாதி ஒப்பனை கலைத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இவர்தான் முதலில் எழுந்தவர் என்று தேஷ்பாண்டே என்னை முன்னால் தள்ளினார். பெரியவர் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இனி என் குரல் எடுபடுமா என்று பயந்துகொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், தாளைத் தாழ்த்தினால் நீங்கள் நிற்கிறீர்கள், ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டார்.

அவர் கேள்விக்கு ஒரு பொய்யைப் பதிலாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் பெண்ணின் கல்யாணமும் அந்தப் பொய்யின் மேல் உட்கார வேண்டியிருக்கும். சரோஜா முதுகில் கிள்ளினாள். நான் என் ஆகுர்டி மராத்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். பிரஸ் ஷாப், மூன்று மணி, வார்டன், பச்சைப் பட்டை, வேப்பமரத்தடியில் ஆள் எண்ணுவது, எல்லாம். உங்களுக்காக எழவில்லை ஐயா, தீ என்று நினைத்து எழுந்துவிட்டேன் என்றேன்.

போயிற்று, கல்யாணமும் போயிற்று, பழமும் வீண் என்று நினைத்தேன்.

"ஆஹா" என்றார் தேஷ்பாண்டே மெதுவாக. "நாடகத்தை இவர் தீ என்கிறார். இந்த வரியைக் கவனித்தீர்களா?"

பெரியவர் கவனித்துவிட்டார். மூன்றாவது மணி அடித்தால் பழைய மனிதன் வெளியேற வேண்டும், கையில் எதையும் எடுத்துப்போகக் கூடாது, அதுதானே ரசனை என்று கேட்டு என்னைக் கட்டிக்கொண்டார். நான் சொன்னது அப்படியே நிஜம், ஆகுர்டியில் போய் விசாரித்துக்கொள்ளலாம் என்று மன்றாடினேன். அடக்கம், அடக்கம் என்றார்கள். ஒரு மூலையில் நின்ற பத்திரிகை இளைஞன் என் வார்த்தைகளைப் போனில் பதிவு செய்துகொண்டான். வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக உண்மை பேசியதில்லை. இவ்வளவு சுத்தமாக அது தோற்றதும் இல்லை.

சிரிப்பு வரவில்லை. வருத்தம்தான் வந்தது. மணி என்றால் மணி, தீ என்றால் தீ என்று புரிந்துகொள்ளாத வீட்டில் நித்யா எப்படிக் குடித்தனம் செய்வாள்? சொல்லத் தயாராக வைத்திருந்த, வேண்டாம் என்ற பதிலை மனசுக்குள் மறுபடி எடுத்துத் துடைத்து வைத்தேன்.

வெயிலில் ஆறு பேர்

வெளியே ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் மதிய வெயில் சுட்டது. தேஷ்பாண்டே அமேயிடம் ஒளியமைப்பில் இருந்த குறைகளை விளக்கிக்கொண்டிருந்தார். சரோஜாவும் நித்யாவும் பழப் பையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். சுநந்தா அம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். அன்று அவர் பேசி நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். மராத்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், பாவு என்றால் சகோதரர்.

"தன்பால்பாவு, என் பை கீழேயே கிடந்தது. பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்றேன். அதற்கப்புறம்தான் அது என்ன என்று புரிந்தது. மற்ற பெண்கள் அத்தனை பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதானே எழுந்தார்கள்.

சிஞ்ச்வடில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்கு வயர் கட்டும் வரிசையில் வேலை பார்த்தாராம். கல்யாணத்துக்கு முன்பும், பின்பும். அங்கேயும் மூன்று மணிதான், அங்கேயும் கையை வீசிக்கொண்டு வா என்பதுதான் பாடம். இவர் பார்த்த பாதி நாடகங்களுக்கு டிக்கெட் என் ஓவர்டைம் என்றார், கணவர் பக்கம் முகத்தைக் காட்டி. புதுப்பெண்ணாக முதல் நாடகத்துக்கு வந்தபோது மூன்றாவது மணிக்குச் சட்டென்று எழுந்துவிட்டாராம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அன்றிலிருந்து அந்த மணி அடித்தால் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாராம்.

"இன்று நீங்கள் எழுந்தீர்கள். என் பிடி விட்டுவிட்டது."

இடைவேளைக்குப் பிறகு நானும் அப்படித்தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு மதியத்திலேயே விரல் வலித்தது.

"என் வீட்டில் நாடகம் பேச இரண்டு பேர் இருக்கிறார்கள். மற்றதெல்லாம் பேச எனக்கு ஆள் இல்லை. உங்கள் பெண்ணை அனுப்புங்கள்" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "வெளியே வந்து இவ்வளவு நேரம் ஆயிற்று. வார்டன் இன்னும் ஆள் எண்ணவில்லையே?"

நான் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். சரோஜா பழப் பையோடு நிமிர்ந்தாள். நித்யா என் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சரோஜா, நித்யா, அமேய், தேஷ்பாண்டே, சுநந்தா அம்மாள், நான். ஒருவரையும் விடாமல் எண்ணினேன்.

"சகளே ஆலே" என்றேன்.

நித்யா முகத்தைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான், உள்ளே போகலாம். சரோஜா ஒரு நொடிகூட வீணாக்காமல் சுநந்தா அம்மாளின் கையில், ஓர் ஆரஞ்சு குறைந்த பழப் பையைக் கொடுத்துவிட்டு, மல்லிகையை எடுத்து அவர் கொண்டையில் சுற்ற ஆரம்பித்தாள்.

தேஷ்பாண்டே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மிகுந்த ஆர்வத்தோடு என் அருகே வந்தார்.

"அருமையான வசனம், தன்பால்ராவ். எந்த நாடகத்தில் வருகிறது?"